வாசலில் கட்டிய சிவப்புத் துணி





சில மாதங்களுக்கு முன்பு ஒரு கிராமச் சபையில், ஞாயிறு ஆராதனை முடிந்தபின், தடுப்பூசிப் பணியைக் குறித்துப் பேச எங்களை அழைத்திருந்தார்கள். பேசி முடித்ததும் வயதான ஒரு தாயார் எழுந்தார்கள். "தட்டம்மைக்கு எதற்கு ஐயா ஊசி? எங்கள் காலத்தில் எல்லாப் பிள்ளைக்கும்தான் மணல்வாரி வந்தது. வேப்பிலை கட்டினோம், இளநீர் கொடுத்தோம், இறங்கிவிட்டது" என்றார்கள். பலர் ஆமோதித்துத் தலையசைத்தார்கள்.

எங்கள் மூத்த செவிலியர் அவர்களிடம், "உங்களோடு பிறந்தவர்கள் எத்தனை பேர் அம்மா?" என்று கேட்டார்கள்.

"ஒன்பது பேர்."

"ஆளாகி வளர்ந்தவர்கள்?"

அந்தத் தாயார் சற்று நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, "ஏழு பேர். ஒரு தம்பியும் ஒரு தங்கையும் அம்மையில்தான் போனார்கள்" என்றார்கள்.

மறதியினால் அவர்கள் அப்படிக் கேட்கவில்லை. பிள்ளைகளில் சிலர் சாவது அக்காலத்தில் வழக்கமாயிருந்தது. ஆகையால் யாரும் அதைக் கணக்கில் வைக்கவில்லை. அந்தத் தாயாரின் கேள்விக்கு இம்மாத இதழில் சற்று விரிவாகப் பதில் எழுத விரும்புகிறோம்.

தட்டம்மை எப்படிப் பரவுகிறது?

தட்டம்மை ஒரு வைரஸ் கிருமியால் வருவது. நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் காற்றில் கலக்கிறது. அவர் அறையை விட்டுப் போன பின்பும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் காற்றில் கிருமி உயிரோடு இருக்கக்கூடும். எதிர்ப்புச் சக்தி இல்லாத 10 பேர் நோயாளியின் அருகில் இருந்தால், அவர்களில் 9 பேருக்குத் தொற்றிவிடும். மனிதரைத் தாக்கும் நோய்களில் இவ்வளவு வேகமாகப் பரவுபவை மிகச் சிலவே.

கிருமி உடலில் நுழைந்து ஏறக்குறைய 10 நாட்களில் காய்ச்சல், சளி, இருமல், கண் சிவப்பு ஆகியவை தொடங்கும். உள் கன்னத்தில் உப்புத் தூள் தூவினாற்போல வெண்புள்ளிகள் தோன்றும். பிறகு முகத்தில் தொடங்கி உடல் முழுவதும் சிவந்த தடிப்பு இறங்கும். தடிப்பு தோன்றுவதற்கு 4 நாட்களுக்கு முன்பிருந்தே பிள்ளை நோயைப் பரப்ப ஆரம்பித்துவிடுகிறது. ஆகையால் "அம்மை" என்று வீட்டார் அறிந்து பிள்ளையைத் தனியே படுக்க வைக்கும்போது, அது பள்ளியிலும் ஞாயிறு பள்ளியிலும் பேருந்திலும் பரவி முடிந்திருக்கும்.

தடிப்பினால் பிள்ளைகள் இறப்பதில்லை. தொடர்ந்து வரும் நிமோனியாவினாலும் கடும் வயிற்றுப்போக்கினாலும் இறக்கிறார்கள். ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு மூளையில் அழற்சி உண்டாகிறது. உடலில் வைட்டமின் ஏ குறைந்திருக்கும் பிள்ளைகளுக்குக் கருவிழி வெந்து பார்வையே போய்விடும். இன்னொரு தீங்கும் உண்டு. வேறு நோய்களை எதிர்க்க உடல் முன்பே சேர்த்து வைத்திருந்த சக்தியில் ஒரு பகுதியைத் தட்டம்மை அழித்துவிடுகிறது என்று 2019ல் வெளியான ஆராய்ச்சிகள் காட்டின. "அம்மை இறங்கிய பிறகு பிள்ளை தேறவே இல்லை, சும்மா சும்மா காய்ச்சல் வந்தது" என்று நம் பாட்டிமார் சொன்னதற்கு அதுவே காரணம்.

இந்நோய்க்கு எதிரான தடுப்பூசி 1963ல் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்பு உலகில் ஆண்டுதோறும் 26 லட்சம் பேர் தட்டம்மையால் மாண்டார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 2023ல் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய 1 லட்சத்து 7 ஆயிரம். தேவன் மனிதருக்கு அருளிய ஞானத்திற்காக நாம் ஸ்தோத்திரம் செலுத்த வேண்டிய காரியம் இது. ஆனாலும் தடுப்பூசி கையில் இருக்கும்போதே அந்த ஒரு லட்சம் பேர் ஏன் இறந்தார்கள்? ஒரு சிறிய கிறிஸ்தவ நாட்டில் நடந்ததைச் சொன்னால் அது விளங்கும்.

சமோவாவின் கண்ணீர்

பசிபிக் பெருங்கடலில் உள்ள தீவு நாடு சமோவா. மக்கள்தொகை ஏறக்குறைய 2 லட்சம். ரிங்கல்தௌபே ஐயரை மயிலாடிக்கு அனுப்பிய அதே லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியராகிய ஜான் வில்லியம்ஸ் 1830ல் அங்கே சுவிசேஷத்தைக் கொண்டு சென்றார். இன்று அந்நாட்டில் ஆலயம் இல்லாத கிராமத்தைக் காண்பது அரிது. சமோவா தேவன்மேல் அஸ்திபாரமிடப்பட்டது என்பதே அந்நாட்டின் அரசு முத்திரையில் உள்ள வாசகத்தின் பொருள்.

2018 ஜூலையில் அங்கே ஒரு மருத்துவமனையில் ஒரு வயதுக் குழந்தைகள் இருவர், தடுப்பூசி போட்ட சற்று நேரத்தில் இறந்துபோனார்கள். தட்டம்மைத் தடுப்பு மருந்து பொடியாக வரும். அதற்கென்றே தரப்படும் நீரில் கலந்து போடவேண்டும். அந்நாளில் செவிலியர்கள் தவறுதலாக, அறுவை சிகிச்சையில் தசைகளைத் தளர்த்தப் பயன்படும் காலாவதியான மருந்தைக் கலந்துவிட்டார்கள். கோளாறு தடுப்பூசியில் இல்லை, கலந்த கையில் இருந்தது. ஆனால் பெற்றோர் கண்டது ஊசி போட்டதையும் பிள்ளை இறந்ததையும்தான். அரசு பல மாதங்கள் தட்டம்மைத் தடுப்பூசியை நிறுத்திவைத்தது. மீண்டும் தொடங்கியபோது தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவர அஞ்சினார்கள். வதந்திகளும் அந்தப் பயத்தை வளர்த்தன. 2018ல் அந்நாட்டுக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்குத்தான் முதல் தடுப்பூசி கிடைத்தது.

2019ல் நியூசிலாந்தில் தட்டம்மை பரவியது. அங்கே வாழும் சமோவா மக்கள் பலர். இரு நாடுகளுக்கும் இடையே போக்குவரத்து மிகுதி. அந்த வழியாக நோய் சமோவாவில் நுழைந்தது. அக்டோபரில் கொள்ளைநோய் அறிவிக்கப்பட்டது. நவம்பரில் அவசரநிலை அறிவித்துப் பள்ளிகளை மூடினார்கள். மருத்துவமனைக்கு வராமல் முதலில் மூலிகையையும் நாட்டு வைத்தியரையும் நாடி, மூச்சு முட்டிய பிறகு பிள்ளையைத் தூக்கி வந்தவர்கள் அநேகர். மொத்தம் 5,700 பேருக்கு மேல் நோய் கண்டது. 83 பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட பாலகர்.

83 என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். தமிழ்நாட்டின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 7 கோடியே 21 லட்சம். அதே விகிதத்தில் இங்கே நடந்திருந்தால், சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 30,000 கல்லறைகள் தோண்ட வேண்டியிருந்திருக்கும்.

அவ்வாண்டு டிசம்பர் 5, 6 தேதிகளில் சமோவா அரசு நாடு முழுவதையும் நிறுத்தியது. அலுவலகங்கள் மூடப்பட்டன, சாலைகளில் வாகனங்கள் இல்லை. தடுப்பூசி போடாதவர்கள் இருக்கும் வீட்டார், வாசலில் சிவப்புத் துணியோ கொடியோ கட்டும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். குழுக்கள் வீடு வீடாகச் சென்று, சிவப்பு கண்ட இடத்தில் இறங்கி ஊசி போட்டன. அம்மாதம் முடிவதற்குள் தகுதியுள்ளவர்களில் ஏறக்குறைய 95 சதவீதத்தினருக்குத் தடுப்பூசி கிடைத்துவிட்டது. கொள்ளைநோய் அடங்கியது.

அதே மாதங்களில் அண்டை நாடுகளாகிய டோங்காவிலும் பிஜியிலும் இதே தட்டம்மை நுழைந்தது. அங்கே பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு முன்பே தடுப்பூசி போட்டிருந்தார்கள். அவ்விரு நாடுகளிலும் ஒருவர்கூட இறக்கவில்லை. கிருமி ஒன்றே, வீடுகளும் உணவும் பழக்கவழக்கங்களும் ஏறக்குறைய ஒன்றே. தடுப்பூசிதான் வேறுபாடு.

நம் ஊரிலும் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். யாரும் உள்ளே வரவேண்டாம் என்பது அதன் பொருள். பிள்ளையைத் தனியே வைப்பது நல்ல வழக்கம்தான். நம் முன்னோர் அனுபவத்தினால் அதைக் கற்றார்கள். ஆனால் நோய் வந்த பிறகு கட்டுவது வேப்பிலை. சமோவாவில் கட்டிய சிவப்புத் துணியோ, நோய் வருமுன் உள்ளே வாருங்கள் என்று செவிலியரை அழைத்தது.

உதவச் சென்றவர்களோடு வந்த நோய்

இது வறிய நாடுகளில் மட்டும் நடக்கிற காரியமா? இல்லை. 2013 நவம்பரில் பிலிப்பைன்ஸ் நாட்டைப் பெரும் சூறாவளி தாக்கியது. அங்கே வீடிழந்தோருக்கு உதவ அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலிருந்து ஆமிஷ் என்னும் கிறிஸ்தவ சமூகத்தைச் சேர்ந்த சிலர் சென்றார்கள். மின்சாரத்தையும் மோட்டார் காரையும் தவிர்த்து எளிமையாக வாழும் பக்தியுள்ள மக்கள் இவர்கள். தடுப்பூசி கூடாது என்று அவர்கள் மார்க்கம் சொல்லவில்லை. போட்டுக்கொள்ளும் பழக்கம் பலருக்கு இல்லை, அவ்வளவே. ஊர் திரும்பிய இருவர் தட்டம்மையையும் கொண்டுவந்தார்கள். முதலில் அதை டெங்கு என்றே மருத்துவர்கள் நினைத்தார்கள். 2014 மார்ச் முதல் ஜூலை வரை 383 பேருக்கு நோய் கண்டது. சுகாதாரத் துறையினர் அவர்கள் வாழும் இடத்துக்கே சென்று, பொறுமையாக விளக்கி, இலவசமாக ஊசி போட்டார்கள். 10,000 பேருக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். யாரும் இறக்காமல் நோய் அடங்கியது.

2025ல் டெக்சஸ் மாநிலத்தில், மென்னோனைட் கிறிஸ்தவர்கள் நிறைந்து வாழும் பகுதியில் நோய் தொடங்கியது. 762 பேரைத் தாக்கியது. தடுப்பூசி போடாத பள்ளிப் பிள்ளைகள் இருவர் இறந்தார்கள்.

பக்தியும் நல்லெண்ணமும் தட்டம்மைக்குத் தடையாவதில்லை. அண்டை வீட்டாரை நேசிக்கிறவன், தன் இருமலால் அவன் குழந்தைக்கு மரணம் வராதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொண்ணூற்றைந்துக்கும் மீதி ஐந்துக்கும் உள்ள சம்பந்தம்

ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தைக்கு வழக்கமாக இந்தத் தடுப்பூசி போடுவதில்லை. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளைகளுக்கும் போட முடியாது. இவர்களைக் காப்பாற்ற ஒரே வழி, சுற்றியுள்ள மற்றவர்கள் நோயைக் கொண்டுவராமல் இருப்பதுதான். அதற்கு நூற்றுக்கு 95 பேராவது இரண்டு தடுப்பூசிகளும் போட்டிருக்கவேண்டும் என்பது கணக்கு.

ஆனால் சராசரி ஏமாற்றும். ஒரு வட்டாரத்தில் 1,000 பிள்ளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 950 பேருக்கு ஊசி போட்டாகிவிட்டது. காகிதத்தில் 95 சதவீதம், எல்லாருக்கும் திருப்தி. மீதி 50 பேர் ஊருக்கு ஒருவராகச் சிதறியிருந்தால் நோய் பரவ வழியில்லை. ஆனால் அந்த 50 பேரும் ஒரே இடத்தில், ஒரே குடிசை வரிசையில் இருந்தால்? நோய் அங்கே நுழைந்த நாளில் அவர்களில் ஒருவரையும் விடாது. 2022 இறுதியில் மும்பை மாநகரில், கோவண்டி முதலிய நெருக்கடியான குடியிருப்புகளில் தட்டம்மை பரவிப் பிஞ்சுக் குழந்தைகள் பலர் இறந்தது இவ்விதமாகவே.

தொண்ணூற்றொன்பது ஆடுகளையும் விட்டுவிட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனை நாம் அறிவோம். பொது சுகாதாரக் கணக்கும் அதையே போதிக்கிறது. விடுபட்டவர்களைத் தேடிப் போகாவிட்டால், சேர்ந்திருப்பவர்களுடைய கைக்குழந்தைகளுக்கும் பாதுகாப்பில்லை.

விடுபட்டவர்கள் யார்?

நமது பகுதியில் அவர்கள் செங்கல் சூளைகளில் இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் நம் மாநிலத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் குடும்பத்தோடு வந்து, மழைக்காலம் தொடங்கும்வரை சூளையிலேயே தங்குகிறார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடுகிறார்கள் என்று தெரிந்தாலும், ஒரு நாள் வேலையை விட்டுப் போனால் முன்பணக் கடன் ஏறும். மொழியும் தெரியாது.

சென்ற பருவத்தில் அப்படிப்பட்ட ஒரு சூளையில் ஒரு இளம் தாயைச் சந்தித்தோம். மடியில் ஒன்றேகால் வயதுப் பெண் குழந்தை. தடுப்பூசி அட்டை இருக்கிறதா என்று கேட்டதும், குடிசைக்குள் போய் ஒரு பாலிதீன் பையைக் கொண்டுவந்தாள். உள்ளே குடும்ப அட்டையோடு தடுப்பூசி அட்டையும் மடிப்புக் கலையாமல் இருந்தது. பிறந்தபோது போட்டவை, ஆறு, பத்து, பதினான்காவது வாரங்களில் போட்டவை எல்லாம் வரிசையாகக் குறிக்கப்பட்டிருந்தன. ஒன்பதாம் மாதக் கட்டம் வெறுமையாக இருந்தது. அந்த மாதம் அவர்கள் ரயிலில் இருந்தார்கள்.

அவள் தடுப்பூசியை மறுத்தவள் என்று யாராவது சொல்லக்கூடுமா? ஊரில் அவளைத் தேடியவர்களுக்கு அவள் அங்கே இல்லை. இங்கே இருந்தபோது தேடி வருவார் யாருமில்லை. அன்று அந்தக் கட்டத்தை எங்கள் செவிலியர் தேதியிட்டு நிரப்பினார்கள்.

மறுக்கிறவர்களும் உண்டு. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் பரவிய பொய்ச் செய்திகளை நம்பிப் பல பெற்றோர் தயங்கினார்கள். இந்த ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற செய்தி வெளிநாட்டு உறவினர் மூலமாக இன்னும் வருகிறது. 1998ல் இங்கிலாந்து மருத்துவர் ஒருவர் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்தது அது. அக்கட்டுரையை அதை வெளியிட்ட பத்திரிகையே 2010ல் திரும்பப் பெற்றுவிட்டது. பின்னர் லட்சக்கணக்கான பிள்ளைகளைக் கொண்டு செய்த ஆய்வுகளில் அப்படி ஒரு சம்பந்தமும் காணப்படவில்லை. இப்படிக் கேட்கிறவர்களை நாங்கள் கடிந்துகொள்வதில்லை. தன் பிள்ளைக்குத் தீங்கு வருமோ என்று அஞ்சும் தாய்க்கு உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். சில வேளை மூன்று முறை போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் காணிக்கை என்ன செய்கிறது?

தடுப்பு மருந்தை விலைக்கு வாங்க நாம் உங்களிடம் கேட்கவில்லை. தட்டம்மைத் தடுப்பூசி 1985 முதல் அரசின் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தாரோடும் கிராம சுகாதார செவிலியரோடும் சேர்ந்தே நாம் வேலை செய்கிறோம். மருந்து அவர்களுடையது, போய்ச் சேருவதற்குத்தான் உதவி தேவை.

மருந்தைக் கடைசிவரை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். அதற்குக் குளிர்பெட்டியும் உறைந்த ஐஸ் பொதிகளும் வேண்டும். கலந்த மருந்தை 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மீதியைக் கொட்டிவிட வேண்டும். ஒரே ஒரு பிள்ளைக்காக ஒரு குப்பியைத் திறக்க நேர்ந்தால் திறக்கிறோம். பொடியையும் கலக்கும் நீரையும் இரண்டு பேர் தனித்தனியே பெயரும் தேதியும் படித்துப் பார்த்த பிறகே கலக்கிறோம். சமோவாவில் இழந்த இரு குழந்தைகளை நினைத்து எங்கள் செவிலியர் பயிற்சியில் இதை ஒவ்வொரு முறையும் சொல்லுகிறோம். ஒரு கவனக்குறைவு ஒரு நாட்டின் நம்பிக்கையையே அழித்துவிட்டதல்லவா!

சூளைக்கு வேன் போகவேண்டும். டீசல் வேண்டும். ஒடியா மொழி பேசும் உதவியாளர் ஒருவர் வேண்டும். வேலை ஓயும் நேரம் பார்த்து மாலையில் போகும் செவிலியர் இரவு பத்திரமாகத் திரும்ப வேண்டும். உங்கள் காணிக்கை இவற்றுக்கே செலவாகிறது.

நோய் வந்துவிட்ட பிள்ளைகளுக்கும் செய்ய வேண்டியவை உண்டு. அடுத்தடுத்து இரண்டு நாட்கள் வைட்டமின் ஏ கொடுத்தால் கண்களும் உயிரும் காக்கப்படுகின்றன. பத்தியம் என்று சோற்றையும் முட்டையையும் நிறுத்தக்கூடாது; தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. மூச்சு வேகமாக வாங்கினாலும், பிள்ளை குடிக்க மறுத்தாலும், துவண்டு போனாலும், கண் மங்கினாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

சபையாராகிய நீங்கள் செய்யக்கூடியவை

முதலாவது, உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒன்பது மாதம் முடிந்தவுடன் ஒன்று, 16 முதல் 24 மாதங்களுக்குள் ஒன்று ஆக இரண்டும் போட்டிருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் ஐந்து வயதுவரை போட்டுக்கொள்ளலாம். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

இரண்டாவது, உங்கள் ஊருக்கு வேலைக்கு வந்து தங்கியிருக்கும் குடும்பங்களைக் கவனியுங்கள். கட்டடம் கட்டுமிடத்திலும் சூளையிலும் கரும்புத் தோட்டத்திலும் கைக்குழந்தைகளைக் கண்டால் கிராம சுகாதார செவிலியருக்கோ எங்களுக்கோ சொல்லுங்கள்.

மூன்றாவது, உறுதிப்படாத செய்தியை மற்றவர்களுக்கு அனுப்பாதிருங்கள்.

ஜெபக் குறிப்புகள்

தேடிப் போகும் செவிலியரின் பாதுகாப்புக்காகவும், அவர்கள் கைகளின் கவனத்துக்காகவும் ஜெபியுங்கள். சூளைகளின் உரிமையாளர்கள் எங்களை உள்ளே அனுமதிக்கும்படி ஜெபியுங்கள். பயந்திருக்கும் பெற்றோரின் மனம் திறக்கும்படியும், தட்டம்மையில் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்களுக்குத் தேவ ஆறுதல் கிடைக்கும்படியும் ஜெபியுங்கள்.

முதலில் சொன்ன அந்தத் தாயாரைப் பற்றி ஒரு வார்த்தை. கூட்டம் கலைந்த பின் அவர்கள் எங்கள் செவிலியரின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பேத்தியின் பிள்ளைக்கு அடுத்த வாரம் ஒன்பது மாதம் முடிகிறது. நானே தூக்கிக்கொண்டு வருகிறேன்" என்றார்கள். அப்படியே வந்தார்கள். ஊசி போட்டதும் குழந்தை வீறிட்டு அழுதது. அந்தத் தாயார் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, "அழட்டும் அம்மா, அழட்டும். அழுகிற பிள்ளை இருக்கிற பிள்ளை" என்றார்கள்.

 கர்த்தர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை சமூக சுகாதாரக் குழுவினர்